இரண்டு கையிலும் இரண்டு பிரின்டர்

போன வருடம் ஆயுத பூஜை முடிந்து எட்டு நாள் என் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ முகப்புப் படமாக இருந்தது. நெற்றி நிறைய விபூதி, இடது கக்கத்தில் ஒரு பிரின்டர், வலது கக்கத்தில் ஒரு பிரின்டர், நடுவில் நான். இரட்டைப் பிள்ளை பெற்றவன் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதைப் போல முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்பேன். பார்த்தவர்கள் எல்லாம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். அந்தப் படம் ஒரு தவறு நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்த படம் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

என் தொழில் வைஃபை போடுவது. மாங்காட்டிலிருந்து தினமும் பைக்கில் ஏணியைக் கட்டிக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வருவேன். கார்டில் ‘நெட்வொர்க் கன்சல்டன்ட்’ என்று போட்டிருக்கிறேன். என் அம்மாவைக் கேட்டால் ‘ஒயர் வேலை’ என்பாள். ஒயர் இல்லாமல் செய்வதுதானம்மா என் வேலை என்று பத்து வருடமாகச் சொல்கிறேன். “ஒயரே இல்லேன்னா அப்புறம் இன்னாத்துக்குடா உன்ன கூப்புடுறாங்க?” என்கிறாள். இந்தக் கதை முடியும்போது அவள் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று எனக்கே புரிந்துவிட்டது.

நான் வேலை செய்த இடம் ஒரு சின்னக் கம்பெனி. காரின் பக்கவாட்டுக் கண்ணாடியை உள்ளேயிருந்து தாங்கிப் பிடிக்கும் இரும்புத் துண்டைச் செய்கிறார்கள். இடது கதவுக்கு ஒன்று, வலது கதவுக்கு ஒன்று. இரண்டும் செருப்பு ஜோடி மாதிரி. தனித்தனியாகப் பார்த்தால் எது எந்தக் காலுக்கு என்று சட்டென்று சொல்ல முடியாது. ஷெட்டின் கடைசியில் இரண்டு பேக்கிங் மேஜைகள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. ஒவ்வொரு மேஜையிலும் லேபிள் அடிக்கும் ஒரு சின்னப் பிரின்டர். காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து அன்றைய லேபிள் முழுவதையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடுவார்கள். மேஜையில் வந்து விழுவதைக் கிழித்துப் பெட்டியில் ஒட்ட வேண்டியதுதான். லேபிளிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. நீளமான ஓர் எண், அதன் கடைசியில் மட்டும் ஓர் எழுத்து மாறும்.

பேக்கிங்குக்குப் பொறுப்பு ஓர் அக்கா. இடது மேஜை அவருடையது. கள்ளிக்குப்பத்திலிருந்து நடந்தே வருவார். மூன்று வருடமாகக் கான்ட்ராக்டில் இருந்தார். அந்த மாதக் கடைசியில் அவர் பெயரைக் கம்பெனியின் நிரந்தர ரோலில் ஏற்றுவதாக மேனேஜர் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அதற்காக அக்கா ஆதாரையும் ரேஷன் கார்டையும் ஜெராக்ஸ் எடுத்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேஜை டிராயரில் தயாராக வைத்திருந்தார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அந்தக் கவரைக் காட்டுவார். என்னிடமே மூன்று தடவை காட்டியிருக்கிறார்.

நான் வருவதற்கு முன்னால் அந்த இரண்டு பிரின்டருக்கும் ஆபீஸிலிருந்து நீளமான ஒயர் ஓடியது. தள்ளுவண்டிச் சக்கரம் ஏறி ஏறி ஒயர் நசுங்கிப்போகும். அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கூரையில் வைஃபையைப் பரப்பும் ஆக்ஸஸ் பாயிண்ட் ஒன்றை மாட்டினேன். வட்டமான வெள்ளைப் பெட்டி, பார்க்க மூடி போட்ட இட்லித் தட்டு மாதிரி இருக்கும். “இனிமே இந்த ஷெட்ல ஒயருக்கு வேலையே கெடையாது” என்று மேனேஜரிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

இரண்டே நாளில் பிரின்டர்கள் என்னைக் கவிழ்த்தன. காலையில் லேபிள் அனுப்பினால் ‘பிரின்டர் இல்லை’ என்று கம்ப்யூட்டர் சொல்லும். கண்ணெதிரே மேஜையில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கும் பிரின்டரைப் பார்த்து இல்லை என்று சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

காரணம் இதுதான். ஒரு வைஃபைக்குள் ஒரு கருவி இன்னொன்றைத் தேடும்போது ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும்: “இருபத்தொண்ணாம் நம்பர் யாரு?” அந்த நம்பருக்கு உரிய கருவி “நான்தான்” என்று சொல்லி, பிறவியிலேயே தன் உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்ல வேண்டும். நம்பரை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற இந்த விசாரணைக்குத்தான் ஏ.ஆர்.பி. என்று பெயர். என் பிரின்டர்களோ, வேலை இல்லையென்றால் தூங்கிவிடுகிற ரகம். கூப்பிட்டால் குரல் கொடுப்பதில்லை.

அதற்கும் ஆக்ஸஸ் பாயிண்டில் ஒரு வசதி இருந்தது. தூங்குகிறவர்கள் சார்பில் அதுவே பதில் சொல்லும். அந்த வசதியின் பெயர் ப்ராக்ஸி. வகுப்புக்கு வராத நண்பனுக்கு ‘உள்ளேன் ஐயா’ சொல்லிச் சொல்லியே டிகிரி முடித்தவனுக்கு இதை யாராவது சொல்லித்தர வேண்டுமா? அமைப்புப் பக்கத்தைத் திறந்து ப்ராக்ஸியைப் போட்டேன். அதோடு நிற்காமல், ஆள் மாறாட்டமே வரக்கூடாது என்று ஒரு பட்டியலையும் எழுதி வைத்தேன். இரண்டே வரி. பிரின்டர்கள் எழும்போது தங்கள் நம்பரை இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்ளும். இருபத்தொன்று என்றால் இந்த உடம்பு, அது இடது மேஜை. இருபத்திரண்டு என்றால் அந்த உடம்பு, அது வலது மேஜை.

மறுநாளிலிருந்து லேபிள் அருவி மாதிரி கொட்டியது. மேனேஜர் என் முதுகில் தட்டினார். அடுத்த ஷெட்டுக்கும் வைஃபை நீதான் என்றார். ஆயுத பூஜைக்கு வந்துவிடு என்று ஆளனுப்பாமல் அவரே போன் செய்து அழைத்தார். என் தலை அன்றைக்கே ஏணி உயரத்துக்கு ஏறிவிட்டது.

பூஜை அன்று ஷெட்டைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சாமி படத்துக்கு முன்னால் ஸ்பேனர், டிரில், தராசு என்று எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்கள். பிரின்டர்களையும் அக்காதான் துடைத்துக்கொண்டுவந்து வைத்தார். இடது மேஜையின் பிரின்டரை இடப்பக்கம், வலது மேஜையினுடையதை வலப்பக்கம். அப்புறம் சந்தனமும் குங்குமமும் வைத்தார். முகம் எது முதுகு எது என்று தெரியாத சாமான் ஆயிற்றே, எதற்கு வம்பு என்று நாலு பக்கமும் பொட்டு வைத்தார்.

கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லோரும் சுண்டலுக்குப் போனார்கள். நான் மட்டும் போகவில்லை. “என் புள்ளைங்கள நானே தூக்கிகினு போய் தூங்க வைக்கிறேன்” என்று சவடாலாகச் சொல்லி ஆளுக்கொரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். வலது மேஜையில் வேலை செய்யும் பூந்தமல்லிப் பெண்தான் அன்று போட்டோ எல்லாம் எடுத்தது. “சார், இங்க பாருங்க, சிரிங்க” என்றாள். சிரித்தேன். அதுதான் அந்த முகப்புப் படம்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள், விட்டுப்போன ஏணியை எடுக்க ஷெட்டுக்கு வந்தேன். அக்கா கையில் ஒரு லேபிளை வைத்துக்கொண்டு வந்தார்.

“சார், என் பிரின்டரு மாறிக்கீது சார்.”

“இன்னாக்கா மாறிக்கீது?”

“என்னுதுல எப்பயும் ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு வரும். இத்தினி நாளா பாத்துகினு கீறேன். இன்னைக்கு கோடே வர்ல. இது என்னுது இல்ல சார்.”

பிரின்டரின் அச்சுமுனையில் ஒரு புள்ளி செத்துப்போனால் அப்படி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு வரும். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான். செத்த புள்ளி தானாக உயிரோடு எழுந்து வராது என்பதும் தெரியும். தெரிந்த இரண்டையும் சேர்த்து யோசிக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் என் வாயில் ஒரு ஜோக் வந்துவிட்டது. வாயில் ஜோக் வந்துவிட்டால் என் மூளை வேலையை அப்படியே போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போய்விடும்.

“பூஜை போட்டோமில்லக்கா, ஆத்தாவே வந்து கோட்ட அழிச்சிட்டா. உனக்கு கோடு வேணும்னா எங்க மாங்காட்டு அம்மனாண்ட வந்து ஒரு மனு குடு.”

ஷெட்டே சிரித்தது. அக்காவும் கொஞ்சம் சிரித்தார். சிரித்துவிட்டு லேபிளைக் கிழித்துப் பெட்டியில் ஒட்டினார். நான் ஏணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அதற்கடுத்த வாரம் ஒரு மத்தியானம் மேனேஜரிடமிருந்து போன். “ஒண்ணும் இல்லய்யா. கஸ்டமர் கிட்ட போன லோடுல லெப்ட்டுன்னு போட்ட பெட்டியில பூரா ரைட்டு, ரைட்டுல பூரா லெப்ட்டு. அவங்க லைனே நின்னுபோச்சு. ஒட்டுனவங்க தப்புதான், அது எனக்குத் தெரியும். நெட்வொர்க்ல கோளாறு இல்லன்னு நீ ஒரு லெட்டர் மட்டும் குடுத்துட்டுப் போ. எங்க ரிப்போர்ட்டோட சேத்து அனுப்பணும்.”

பறந்து வந்தேன். கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வண்டியை நிறுத்தி, பைக் சீட்டின் மேல் லெட்டர்பேடை வைத்து, ஒரு கையில் டீ கிளாஸோடு இங்கிலீஷில் எழுதினேன். ‘எல்லாக் கருவிகளையும் நேரில் வந்து பரிசோதித்தேன். எந்தப் பிழையும் இல்லை.’ கீழே கையெழுத்து, அதன் கீழே ரப்பர் ஸ்டாம்ப். இதில் நேரில் வந்தது மட்டும் உண்மை. அதுவும் டீக்கடை வரைக்கும்தான்.

ஆபீஸுக்குள் நுழைந்து லெட்டரை நீட்டினேன். மேனேஜர் படித்தார், போனில் போட்டோ எடுத்தார், உடனே யாருக்கோ அனுப்பினார். அதற்குப் பிறகுதான் சுவரோரம் நின்றிருந்த அக்காவைப் பார்த்தேன். எப்போதும் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை மேனேஜர் மேஜையில் கிடந்தது. நாடா அதன் மேலேயே சுருண்டு கிடந்தது.

“பாத்தியாம்மா, நெட்வொர்க் ஆளே எழுதிக் குடுத்துட்டாரு” என்றார் மேனேஜர். “இன்னும் என்ன சொல்ற? அஞ்சு மணியோட கெளம்பிடு. கான்ட்ராக்டர் கிட்ட நான் பேசிக்கிறேன்.”

நான் எழுதிக் கொடுத்தது ஏதோ ஒரு ஃபைலில் போய்த் தூங்கப்போகும் காகிதம் என்று நினைத்திருந்தேன். அது ஓர் ஆளை வெளியே அனுப்பும் சீட்டு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“ஒட்டுனது என் கைதான் சார்” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. “ஆனா வந்ததத்தான் ஒட்டுனேன். பிரின்டரு மாறிக்கீதுன்னு இவராண்டயே சொன்னேன். அன்னைக்கே சொன்னேன்.”

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். “சொன்னாங்களாய்யா?”

“ஏதோ... கோடு வர்லன்னு...” என்று இழுத்தேன். என் வாயிலிருந்து ஜோக் வராத நிமிடம் அது.

“ஒரே ஒரு தபா வந்து பாருங்க சார்” என்றார் அக்கா என்னிடம். “அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் கீது.”

பார்ப்பதற்கு நான் போனது அவருக்காக என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. என் பட்டியல் சரி என்று நிரூபிக்கத்தான் போனேன். மேனேஜர் ஆபீஸிலேயே இருந்துகொண்டார்.

லேப்டாப்பை மேஜைமேல் வைத்து ஆக்ஸஸ் பாயிண்டின் பக்கத்தைத் திறந்தேன். ஏ.ஆர்.பி. பட்டியல் நான் எழுதியபடியே இருந்தது. இருபத்தொன்று, இருபத்திரண்டு, எதிரில் அவரவர் உடம்பு எண். ஓர் எழுத்து பிசகவில்லை. “பாத்தீங்களாக்கா, கல்வெட்டு மாதிரி கீது” என்றேன்.

“எழுதுனது கெடக்கட்டும். ஒண்ணு அடிங்க” என்றார்.

இடது மேஜைக்கு என்று ஒரு லேபிள் அனுப்பினேன். இடது மேஜைப் பிரின்டர் அசையவில்லை. நாலடி தள்ளி, வலது மேஜையில் ‘சர்ர்’ என்றது.

நான் வலது மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வேலை செய்துகொண்டிருந்த பூந்தமல்லிப் பெண் லேபிளைக் கிழித்து, கையை நீட்டி என்னிடம் கொடுத்தாள். இடது என்பதற்கான எழுத்து. ஓரத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு.

முதலில் சந்தேகப்பட்டது ஆக்ஸஸ் பாயிண்டைத்தான். ப்ராக்ஸி பதிலில் ஏதோ புளுகுகிறது என்று அந்த வசதியை நிறுத்தினேன். அனுப்பினேன். வலது மேஜையில் சர்ர். பழைய ஞாபகம் எதையோ பிடித்துவைத்திருக்கிறது என்று அதன் நினைவைத் துடைத்தேன். சர்ர். நினைவு வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்தேன். சர்ர். ஏணி போட்டு ஏறி, இட்லித் தட்டை அணைத்து மறுபடி உயிர்ப்பித்தேன். இறங்கி வந்து அனுப்பினேன். சர்ர். ஒவ்வொரு சர்ருக்கும் என் காது சூடாகிக்கொண்டே போனது. பட்டியல் சரி, அமைப்பு சரி, சிக்னல் சரி. எல்லாமே சரியாக இருந்து பலன் மட்டும் தலைகீழாக வந்தால் மனுஷன் எதைத்தான் நம்புவது? ஒரு கணம் நிஜமாகவே மாங்காட்டு அம்மன்மேல் சந்தேகம் வந்தது.

“மிஷின தூக்கிப் பாருங்களேன்” என்றார் அக்கா. “அதுலதான நம்பரு கீதுன்னு பட்டியலு எழுதுனப்ப சொன்னீங்க?”

உடம்பு எண் ஒட்டிய சீட்டு பிரின்டரின் முதுகில் இருக்கும். இடது மேஜைப் பிரின்டரைத் திருப்பினேன். சீட்டின் மேல் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தன. நகத்தால் சுரண்டினேன். சந்தனம் உதிர உதிர எண் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கடைசி நாலு எழுத்து தெரிந்ததும் சுரண்டுவதை நிறுத்திவிட்டேன்.

அது இருபத்திரண்டின் உடம்பு.

கல்வெட்டில் பிழையில்லை. ஆள்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தான். ஒயர் இருந்த காலத்தில் இது நடந்திருக்காது. எந்தப் பிரின்டரை வைத்தாலும் இடது மேஜை ஒயரில் இடது லேபிள்தான் வரும். ஒயருக்கு இடம் தெரியும். நான் அதைப் பிடுங்கிவிட்டு, உடம்பை மட்டும் தெரிந்த ஒன்றைக் கூரையில் மாட்டியிருந்தேன்.

சரி, எவன் மாற்றி வைத்தான்? எந்த மடையன் என்று கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கக்கம் இரண்டும் திடீரென்று கனத்தன.

சாமி படத்தைப் பார்த்தபடி குனிந்து எடுத்தபோது இடதில் இருந்தது என் இடது கக்கத்துக்கு வந்தது, வலதில் இருந்தது வலது கக்கத்துக்கு. அப்படியே திரும்பி நடந்து மேஜைகளுக்கு எதிர்ப்பக்கமாக வந்து நின்றேன். என் இடது கைப் பக்கம் இருந்த மேஜையில் ஒன்று, வலது கைப் பக்கம் ஒன்று. வேலை செய்கிறவர்கள் உட்காருவது மறுபக்கம். அவர்களுடைய இடது என்னுடைய வலது. இடது வலது பிசகக்கூடாது என்பதற்காகவே இருக்கிற கம்பெனியில், அந்த இரண்டும் தெரியாத ஒரே ஆள் கன்சல்டன்ட்.

அப்படியே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னா சார், தண்ணி வேணுமா?” என்றார் அக்கா. அவருக்கு இன்னும் புரியவில்லை. என் முகத்தை வைத்து ஏதோ பெரிய கோளாறு என்று மட்டும் நினைத்தார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதைக்கே அர்த்தமில்லை. பிரின்டரைத் தூக்கி இடம் மாற்றினால் ஷெட்டே பார்க்கும். ஆனால் பட்டியலில் இரண்டு வரியை மேலும் கீழுமாக மாற்றினால் யார் பார்ப்பார்கள்? மாற்றினேன். புது நம்பர் வாங்கப் பிரின்டர்கள் அணைந்து எழுந்தன. அனுப்பினேன். இடது இடதில் வந்தது, வலது வலதில் வந்தது.

“ஆச்சுக்கா. சின்ன செட்டிங்தான்” என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. சரியாகிவிட்டது, இனி எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே ப்ராக்ஸி கொடுத்துக்கொண்டேன்.

மேனேஜர் வந்தார். இரண்டு மேஜையிலும் அடித்துப் பார்த்தார். “அதான பாத்தேன். மிஷின் கரெக்ட்டாத்தான இருக்கு” என்றார். “ஏம்மா, இதுக்கு மேல என்ன வேணும்? டிராயரக் காலி பண்ணிட்டுக் கெளம்பு.”

அக்கா என்னைப் பார்த்தார். என்னை நம்பித்தானே ஒரு தடவை வந்து பார் என்றார். டிராயரைத் திறந்து அந்த ஜெராக்ஸ் கவரை எடுத்தார். அதைப் பையில் வைப்பதா, கையில் வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றார்.

நான் சரிசெய்தது பிரின்டரை அல்ல. எனக்கு எதிராக இருந்த ஒரே சாட்சியைத்தான் சரிசெய்திருந்தேன். அது உறைத்த வேகத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

“சார், தப்பு என்னுது. பிரின்டர மாத்தி வச்சது நான்தான்.”

மேனேஜர் சிரித்தார். “யோவ், வெளையாடாதய்யா. இப்ப நேரமா இது?”

“மெய்யாலுமே சார்.”

“அந்தம்மா பாவம்னு நீ ஏத்துக்கிற. நல்ல மனசு உனக்கு. ஆனா கம்பெனி வேற.”

என் வாழ்நாளிலேயே ஒரே ஒரு தடவை சீரியஸாகப் பேசுகிறேன், அதையும் ஜோக்காக்கிவிட்டார்கள். பத்து வருடம் எதற்கெடுத்தாலும் சிரிக்க வைத்ததன் பலன் அந்த ஒரு நிமிடத்தில் மொத்தமாகத் திரும்பி வந்தது.

வேறு வழியில்லை. சரியாகிவிட்டதை அவர் கண் முன்னாலேயே மறுபடி கெடுத்தேன். பட்டியலில் இரண்டு வரியையும் பழையபடி மாற்றி வைத்தேன். பிரின்டர்கள் மறுபடி அணைந்து எழுந்தன. “இடதுக்கு அடிங்க சார், நீங்களே அடிங்க” என்றேன். அடித்தார். வலது மேஜையில் சர்ர் என்றது. சிரிப்பை அவிழ்த்துக் கழற்றி வைத்ததுபோல் மேனேஜரின் முகம் மாறிவிட்டது. பிரின்டரைத் திருப்பிக் காட்டினேன், சந்தனத்தைக் காட்டினேன், பட்டியலைக் காட்டினேன்.

“சரி, மாறியிருக்கு. மாத்துனது நீதான்னு என்ன நிச்சயம்? அன்னைக்கு இதுங்கள சாமிகிட்ட கொண்டுபோனது இவங்கதான?”

“கொண்டு போனது அக்கா. திருப்பி எடுத்தாந்தது இவரு” என்றாள் பூந்தமல்லிப் பெண். அதுவரை வாயே திறக்காதவள். “நம்பலேன்னா உங்க போனையே பாருங்க சார். இவரு பேரத் தொடுங்க.”

மேனேஜர் தன் போனை எடுத்து என் பெயரைத் தொட்டார். விபூதியும் பல்லுமாக நான் வந்து நின்றேன், கக்கத்துக்கு ஒன்றாக.

அவள் தன் போனில் அடுத்த போட்டோவையும் காட்டினாள். அதில் நான் மேஜைகளுக்கு எதிர்ப்பக்கம் நின்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, அக்கறையாகப் பிரின்டரைக் கீழே வைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் தூரத்தில் அக்கா சுண்டல் கட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“எட்டு நாளா இதையா தெனம் பாத்துட்டு இருந்தேன்?” என்றார்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “நான் சொன்னப்ப ஒரு தபா திருப்பிப் பாத்திருக்கலாமே சார்” என்று மட்டும் சொன்னார். ஏணியிலிருந்து விழுந்தால்கூட எழுந்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பவன் நான். அன்று பையிலிருந்து லெட்டர்பேடைத்தான் எடுத்தேன்.

அதே லெட்டர்பேடில் இன்னொரு லெட்டர் எழுதினேன். இந்தத் தடவை டீ கிடையாது, பைக் சீட்டும் கிடையாது. பேக்கிங் மேஜையில் உட்கார்ந்து, அக்காவும் படிக்க வேண்டுமென்று தமிழில் எழுதினேன். முதல் லெட்டர் பரிசோதிக்காமல் எழுதியது. கருவிகளை இடம் மாற்றி வைத்தது நான். பேக்கிங் பகுதிப் பொறுப்பாளர் வேலை தொடங்கிய முதல் நாளே எச்சரித்தும் நான் கவனிக்கவில்லை. அக்கா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

“கோடு பத்தி எழுதல” என்றார்.

“எழுதணுமாக்கா?”

“நான் கோட்டப் பாத்துதான சொன்னேன்? அத்த எழுதுங்க.”

எழுதினேன். ‘லேபிளில் உள்ள வெள்ளைக் கோட்டைக் கவனித்து எச்சரித்தார்’ என்று. மேனேஜர் அதையும் போட்டோ எடுத்து அனுப்பினார். அனுப்பிவிட்டுச் சுருட்டி வைத்திருந்த அடையாள அட்டையை ஆபீஸிலிருந்து கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. “நாளைக்கு சீக்கிரம் வந்துடும்மா, திரும்பி வர்ற பெட்டிய எல்லாம் பிரிச்சு ஒட்டணும்” என்றார், அவ்வளவுதான். அக்கா நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கவரை டிராயரில் திரும்ப வைத்தார். வைத்துவிட்டு, ஒரு தடவை திறந்து பார்த்து மூடினார். ஐந்து மணிச் சங்கு அதற்கப்புறம்தான் ஊதியது.

அடுத்த ஷெட்டுக்கு வைஃபை போட வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அது நியாயம்தான். முகப்புப் படத்தை அன்று சாயங்காலமே எடுத்துவிட்டேன். இப்போது அங்கே ஒரு ரோஜாப்பூ இருக்கிறது.

அக்காவின் பெயர் ரோலில் ஏற ஒரு மாதம் தள்ளிப்போனது, ஆனால் ஏறிவிட்டது. அவர் அதை எனக்குச் சொல்லவில்லை. பூந்தமல்லிப் பெண் சொல்லித்தான் தெரியும்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு மேனேஜர் கூப்பிடுவார் என்று நான் நினைக்கவே இல்லை. கூப்பிட்டார். கூச்சத்தோடு போய்க் கடைசியில் நின்றேன். பிரின்டர்கள் சாமி படத்துக்கு முன்னால் இல்லை. அதனதன் மேஜையிலேயே பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கற்பூரத் தட்டைத்தான் அவற்றிடம் கொண்டுபோனார்கள்.

கற்பூரம் காட்டி முடிந்ததும், என்ன இருந்தாலும் பழக்கதோஷம், ஸ்பேனர் பெட்டியை எடுத்து வைக்கலாம் என்று குனிந்தேன்.

“சார்!”

அக்கா. கழுத்தில் புது அட்டை. இரண்டு கையிலும் இரண்டு சுண்டல் பொட்டலம்.

“ஒண்ணு போதும்க்கா.”

“பரவால்ல, ரெண்டு கையிலயும் ஒண்ணொண்ணு புடிங்க” என்றார். பிடித்துக்கொண்டேன். “துன்னு முடிக்கிற வரைக்கும் அந்தாண்ட போய் குந்துங்க. அதுக்குள்ள நாங்க எல்லாத்தையும் எடுத்து வச்சிடுறோம்.”

ஷெட்டே சிரித்தது. இந்தத் தடவை ஜோக் என்னுடையது இல்லை. அக்காவும் நன்றாகவே சிரித்தார். நான் இரண்டு கையிலும் சுண்டலோடு போய் உட்கார்ந்தேன்.